மருந்து வைக்காத தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் இருமல் இன்னும் நிற்கவில்லை என்று அண்ணி போனில் உறுதியாகச் சொன்னார். நின்றுவிட்டதாக நீங்கள் எழுதியதை நான் அப்போதே நம்பவில்லை. நான் நலம்.

புற்றுநோய் வார்டில் தொற்றும் கிருமிக்கான புது மருந்தை எங்கள் ஆய்வகத்தில் சோதிக்கிறோம். நேற்று கிருமி வளர்க்கும் எல்லாத் தட்டிலும் கிருமி செத்திருந்தது. மருந்தே வைக்காத தட்டிலும் அது வளரவில்லை என்று மேலாளரிடம் காட்டினேன்.

“நல்ல சேதியிலயும் நொட்டை சொல்லணுமா?”

“பக்கத்துத் தட்டைப் பார்த்துப் பயந்தே செத்துடுச்சா சார்?”

சிரித்துவிட்டு, மருந்து பலித்தது என்று அனுப்பவிருந்த அறிக்கையை நிறுத்தினார். தானாகவே செத்துப்போன கிருமியைக் ‘கொன்ற’ மருந்தை நம்பி நோயாளிக்கு ஏற்றினால் உயிர் போகும்.

ஞாயிறு பேசும்போது சீக்கிரம் போனை வைத்துவிடாதீர்கள். வேலைக்கு ஓடுகிறேன். மறுசோதனை முடிவு வியாழன் காலை வரும். மருந்தில்லாத தட்டில் கிருமி நன்றாக வளர வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்