கழுத்துப் புண்

செவ்வாய், இரவு.

போன வாரம் செல்லையா அண்ணாச்சியின் வண்டி மாட்டுக்கு வைத்தியம் பார்த்தேன். நுகத்தடி உரசி, கழுத்தில் சீழ் வைத்திருந்தது. மருந்து போட்டுவிட்டு, "ஆறுற வரைக்கும் வண்டியில பூட்டக் கூடாது. பூட்டினா சட்டப்படி கேஸ் ஆயிரும்" என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். தொழுவம் காலி.

"நீங்க சொன்ன மாதிரி பூட்டவே இல்ல, டாக்டரம்மா. சும்மா நிக்கிற மாட்டுக்குத் தீவனத்துக்கு எங்கன போவேன்? காலையில மேலப்பாளையம் சந்தைக்குப் பத்திட்டுப் போயி வித்துட்டேன். அடிமாட்டுக்குத்தான் கேட்டாவ."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

திரும்பும்போது சுவரோரம் நுகத்தடியைப் பார்த்தேன். கழுத்து படும் இடத்தில் பழைய வேட்டியை மெத்தென்று சுற்றி வைத்திருந்தார்.