மூடியைத் திறந்த பூனை

ஜூன் 3, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அக்கா மகளுக்கு அப்போது நாலு வயது. ரொட்டித் துண்டைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்து, அதில் பூசணம் பூப்பதைக் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா துடைப்பத்தைத் தூக்கினாள். நான் குறுக்கே புகுந்து, "விடுக்கா, இவ பூசணத்தை வச்சே பொழைச்சுக்குவா" என்றேன். அங்கிருந்த பத்துப் பேரும் கேட்டார்கள். நான் அந்த வருடம் முழுக்க வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்ததாக அக்கா சொல்கிறாள். அவளுக்கு ஞாபகமறதி.

நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்து, எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் எழுத்தில் ஆதாரம் வேண்டும். அதற்காகத்தான் இந்த நோட்டு. நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஒன்பதாம் வகுப்பை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த மகராசி இப்போது இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, தன் சிநேகிதி கண்ணாடிக்காரியோடு சேர்ந்து ஒரு பட்டறை போட்டிருக்கிறாள். பெரிய கண்ணாடி போட்ட பெண், அதனால் அந்தப் பெயர். இருவரும் தெர்மாகோலுக்கு மாற்று செய்கிறார்கள். காளானை வைத்து! மரத்தூளை ஆவியில் வேக வைத்து, ஆற வைத்து, காளான் விதையைக் கலந்து, அச்சுத் தட்டில் அமுக்கி மூடிவிட்டால் ஆறே நாளில் அது தானாக இறுகிக் கட்டியாகிவிடுகிறது. அடுப்பில் காய வைத்தால் தீர்ந்தது வேலை. கண்ணாடிச் சாமான்களை அதற்குள் வைத்து ஊர் ஊராக அனுப்பலாம். வேலை முடிந்ததும் மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும்.

சாவி என்னிடம். தூள் வேக வைப்பதும் நான்தான். தலைமை விஞ்ஞானி என்று சொல்லவில்லை. ஆனால் ஆவி இல்லாமல் விஞ்ஞானம் ஏது?

ஜூன் 4

விளக்குக் கடைக்காரர் முதல் ஆர்டர் கொடுத்திருக்கிறார். கண்ணாடி விளக்குக் கூடுகளுக்கு உறை. முப்பது வேண்டும், இருபத்தெட்டாம் தேதிக்குள். பிடித்திருந்தால் மாதாமாதம் முந்நூறு. பிடிக்காவிட்டால் அவ்வளவுதான். அக்கா தன் மகளிடம் சொல்லிவிட்டாள்: "இந்த ஆர்டர் போச்சுன்னா பட்டறையைப் பூட்டிட்டுப் பழைய வேலைக்குப் போற. பேச்சு மாறக்கூடாது." அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

முப்பது தட்டு நிரப்பினோம்.

"ஆறு நாள் யாரும் மூடியைத் தொடக்கூடாது மாமா."

"தொட்டா என்ன ஆகும்?"

"காத்துல இருக்கிற பச்சைப் பூசணம் உள்ளே இறங்கிடும். அப்புறம் காளானால அதை ஜெயிக்க முடியாது."

"உள்ளே வேர் விடுதா?"

"வேர் இல்ல மாமா, நூல்."

நூல். யார் நூற்கிறார்கள்? இருட்டில், கையில்லாமல், காலில்லாமல்?

ஜூன் 6

எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்? ஓரத்திலிருந்தா, நடுவிலிருந்தா? கண்ணாடிக்காரியைக் கேட்டேன். "எல்லாப் பக்கமும்தான் மாமா" என்றாள். படித்தவர்கள் சொல்லும் பதில்.

ஜூன் 7

தட்டில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது போலவும் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 10

ஐயோ. முப்பதில் இருபத்திரண்டு பச்சை. எட்டுதான் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, புதுத் தலையணை மாதிரி. மற்றதெல்லாம் பாசி பிடித்த தொட்டி.

அக்கா மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதால் கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு மூடியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "வேக வச்சதுல தப்பா? விதைல தப்பா? நான்தான் கை கழுவலையா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். தூளை வேக வைத்தது நானில்லையா? கண்ணாடிக்காரி என் பக்கம் திரும்பினாள்.

அதனால் உண்மையைச் சொல்லவேண்டியதாகிவிட்டது. ஞாயிறு மதியம் தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்தபோது கண்ணால் கண்டேன். பக்கத்துத் தச்சரின் பூனை, மேஸ்திரி என்று பெயர், ஜன்னல் வழியாகக் குதித்து, முன்காலால் மூடிகளை நெம்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக. சாவகாசமாக.

கண்ணாடிக்காரி விட்டாளா? "திறந்துச்சு சரி மாமா. மூடிட்டும் போச்சா?"

"நான்தாம்மா விரட்டிவிட்டு மூடினேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்தப் பெண் எதையாவது யோசித்தால் கண்ணாடியைத் துடைக்கும்.

ஜூன் 11

பூனையைப் பற்றி இன்னும் விவரம் கேட்டார்கள். இடது காது கிழிந்திருந்தது என்றேன். போகும்போது என்னைப் பார்த்து ஒரு தடவை சீறியது என்றும் சொன்னேன்.

ஜூன் 12

தச்சர் பட்டறைக்கே வந்துவிட்டார். கையில் பூனை. இரண்டு காதும் முழுசாக இருக்கிறது. (நான் தூரத்திலிருந்து பார்த்தது.)

"டிரைவரே, இதா ஜன்னல் ஏறுச்சு? இந்தத் தொப்பையைத் தூக்கிட்டு வாசப்படி ஏறவே நாலு இடத்துல உக்காருது!"

"பசி வந்தா எல்லாம் ஏறும் அண்ணே."

"பசியா? என் சாப்பாட்டுல பாதி அதுக்குத்தான் போகுது! மரத்தூளைத் திங்கவா வந்துச்சு?"

பெண்கள் இருவரும் சமாதானம் சொல்லச் சொல்ல அவருக்கு ஏறிக்கொண்டே போனது. கடைசியில், "என் வீட்டு உசுரு மேல பழி போடுறவங்களுக்கு நாளையிலேர்ந்து தூள் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நமக்குத் தூள் தருவதே அவர்தான்.

ஜூன் 13

மூன்று மரக்கடை ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் பசை போட்டு ஒட்டிய பலகையின் தூள். அதில் காளான் பிடிக்காதாம். பசை அதற்கு விஷம். சுத்த மரத்தில் வேலை செய்வது இந்தப் பக்கத்தில் தச்சர் ஒருவர்தான்.

காயவும் பெட்டியில் அடைக்கவும் நாள் வேண்டும். பதினேழாம் தேதிக்குள் புதிதாகத் தட்டு நிரப்பாவிட்டால் இருபத்தெட்டுக்கு எட்டு உறையோடுதான் போய் நிற்கவேண்டும். அவள் ஜன்னலுக்குக் கம்பி வலை அளவெடுத்துக்கொண்டிருந்தாள். பூனை வராமல் இருக்க.

அந்த டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

ஜூன் 14

தச்சர் மேஸ்திரியைக் கயிற்றில் கட்டிப்போட்டிருக்கிறார். நாள் முழுக்கக் கத்துகிறது. "இனிமே யாரும் குத்தம் சொல்ல வேண்டாம் பாருங்க" என்கிறார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். அப்படியும் பார்த்துவிட்டது.

பூனைக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லாது.

ஜூன் 15

அக்கா வந்தாள். பழைய ஆபீஸில் இடம் இன்னும் காலியாக இருக்கிறதாம், விசாரித்துவிட்டாளாம். மகள் வெள்ளையாக வந்த எட்டு உறையையும் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

"உனக்கா வயிறு சரியில்ல?" என்றாள் அக்கா. "டேய், நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

கூடப் பிறந்தவள் இப்படியா கேட்பாள்?

ஜூன் 16

வெற்றி! தச்சரிடம் நானே நேரில் போய் நாலு வார்த்தை பேசினேன். லாரி ஓட்டிய காலத்தில் எத்தனை பஞ்சாயத்து தீர்த்திருப்பேன்! என் பேச்சில் மனிதர் உருகிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறு மூட்டைத் தூளை அவரே தோளில் சுமந்து வந்து இறக்கினார்.

பூனைக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்.

ஜூன் 17

முப்பது தட்டு நிரப்பி மூடியாகிவிட்டது. மூடிய கையோடு என் சாவியை அவளிடம் கொடுத்தேன். "நீயே வச்சுக்கோ கண்ணு. வயசாச்சு, எங்கயாவது மறந்து வச்சிடுவேன்." அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 18

காலையில் என் முக்காலிக்குப் பக்கத்தில் முப்பத்தோராவது தட்டு ஒன்று இருந்தது. மற்றவை போல மூடி இல்லை. மரச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, இடுக்கில்லாமல் இழைத்திருந்தது. தச்சர் கைவேலை, பார்த்தாலே தெரியும். மேலே ஒரு துணி.

"இது எதுக்கு கண்ணு?"

"பார்க்கிறதுக்கு. பார்த்துட்டுத் துணியைப் போட்டு மூடிடுங்க, மாமா."

"இது ஆர்டர்ல இல்லையே?"

"இல்ல. இது உங்களுது."

சாவியையும் திருப்பி என் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டாள். கண்ணாடிக்காரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தூளைக் கிளறினாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா?

ஜூன் 19

ஒன்றும் தெரியவில்லை. வெறும் தூள்.

ஜூன் 20

வலது மூலையில் வெள்ளைப் புள்ளி. மதியம் பார்த்தபோது புள்ளிக்கு மீசை முளைத்திருந்தது.

ஜூன் 21

கண்ணாடிக்காரி சொன்னது சரி. எல்லாப் பக்கமிருந்தும்தான் வருகிறது. ஒரு தூளிலிருந்து இன்னொரு தூளுக்குக் கை நீட்டுகிறது. எட்டவில்லை என்றால் பக்கத்திலிருப்பதைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நீட்டுகிறது. கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் முத்து கோத்திருக்கிறது. தொட்டால் தட்டு இளஞ்சூடு. இதில் நான் எதையும் கூட்டி எழுதவில்லை. கூட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

ஜூன் 22

தச்சர் வந்து என் தட்டைப் பார்த்தார். இருவரும் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். போகும்போது, "நாளைக்கும் வரலாமா டிரைவரே?" என்றார்.

ஜூன் 23

முப்பதும் வெள்ளை. ஒன்றில்கூடப் பச்சை இல்லை. அவள் ஒவ்வொன்றாக எண்ணி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். என்னுடையதைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 28, சனி

விளக்குக் கடைக்காரர் கண்ணாடிக் கூட்டை நம் உறையில் வைத்து, பெட்டியில் போட்டுக் கட்டி, மொட்டை மாடியிலிருந்து

மாடி என்று எழுதியதை அடித்துவிட்டேன். இடுப்பு உயரத்திலிருந்து. கீழே போட்டார், மூன்று தடவை. பிரித்துப் பார்த்தார், கீறல்கூட இல்லை. மாதம் முந்நூறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா தானாகவே போய்ப் பழைய ஆபீஸுக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

வரும் வழியில் அக்கா மகள் கேட்டாள்: "கம்பி வலை வாங்கணுமா மாமா? பூனை இனிமே வருமா?"

"வராது."

"நிச்சயமா?"

"நிச்சயமா கண்ணு."

பத்திரிகைக்காரர்கள் வந்தால் வரட்டும், ஆதாரம் சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன். எட்டாம் தேதி மதியம் ஜன்னல் உள்ளே தாழ் போட்டிருந்தது. மேஸ்திரி வரவில்லை. எந்தப் பூனையும் வரவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்று ஒன்றே ஒன்றைத் திறந்து பார்க்கலாம் என்றுதான் வந்தேன். அதில் சரியாகத் தெரியவில்லை, அடுத்ததைத் திறந்தேன். இருபத்திரண்டாவது மூடியைத் தூக்கியபோது பக்கத்தில் தச்சர் இருமினார். அவர் இருமியிருக்காவிட்டால் எட்டும் மிஞ்சியிருக்காது.

பதினாறாம் தேதி தச்சரிடம் பேசியது நாலு வார்த்தை என்று எழுதியிருக்கிறேன். அது மட்டும் சரி. "பூனை இல்ல அண்ணே, நான்தான்."