நீ டியூன் பண்ணாமல் விட்ட மோட்டார் சைக்கிள்

வெள்ளி இரவு.

ரிஸ்வான் மகன், அங்கே சுகமாக இருக்கிறாயா?

நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போவதற்கு முதல்நாள் உன் மோட்டார் சைக்கிளுக்குப் புதுச் சைலன்சர் பூட்டினாய். "காபரேட்டர நாளைக்கு டியூன் பண்ணுவம் வாப்பா" என்றாய். அன்றிலிருந்து அது படபடவென்று வெடித்துக்கொண்டே ஓடும். நானும் அப்படியே ஓடித் திரிந்தேன். இன்று கல்முனையில் மெக்கானிக் நாசர் தம்பி காபரேட்டர் திருகாணியைத் திருகிவிட்டு, "இனிப் பூனக்குட்டி மாதிரிப் போகும் காக்கா" என்றான். அப்படித்தான் போனது.

வீட்டு வாசலில் நான் இறங்கியது உன் உம்மாவுக்குத் தெரியவே இல்லை. கண்டதும் திடுக்கிட்டாள்.

"சந்தியில வெடிச்சாத்தானே நான் தேத்தண்ணி ஊத்துவன். நம்மட புள்ளட சத்தத்த எங்க உட்டுட்டு வந்தீங்க?"

பழையபடி வெடிக்க வைக்க அந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருக வேண்டும்? உனக்குத் தெரிந்திருக்கும். உம்மா அழுதுகொண்டே கூப்பிடுகிறாள் மகன், நான் போய்...