தோரணத்துக்கு இந்தப் பக்கம்

மே 17, சனி

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி இன்னும் ஈரம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வீடு முழுக்கச் சோப்பும் தாளிப்பும் கலந்த வாடை.

பாஸ்போர்ட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். படத்தில் திருடி மாதிரி முழிக்கிறேன். இருக்கட்டும். நாற்பது தாண்டி முதல் பாஸ்போர்ட். ஜூன் 1, ஞாயிறு காலை விமானம். பாலித் தீவு. நானும் பிலோவும் மட்டும். டிக்கெட் மகன் சிங்கப்பூரிலிருந்து போட்டுக் கொடுத்தது. தேதி மாற்ற முடியாத டிக்கெட்.

மத்தியானம் பிலோ நான் வேலை பார்க்கும் டீக்கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது பக்கத்து டவுனான தானா ராத்தாவில் குடியிருப்பு, அங்கேயே ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. அதிகாரம் மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே. எரிமலை ஏற வேண்டுமாம். இருட்டோடு எழுப்பி, கையில் டார்ச் கொடுத்து, உச்சியில் சூரியன் காட்டுவார்களாம்.

"மல ஏறவா நான் ஏரோப்ளேன் ஏறி வரேன்? பொறந்ததுலேருந்து மலையிலதானே கெடக்கேன்."

"இது பொகையிற மலைலா, மாலு!"

"நீயே ஏறு. நான் கீழ ஒக்காந்து கைய ஆட்டுறேன்."

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எரிமலைக் கல் பொடிந்து உண்டான கறுப்பு மணல் அங்கே இருக்கிறது. உச்சி வெயிலில் கால் வைக்க முடியாதாம். நான் வைக்கப் போகிறேன். சும்மா உட்கார்ந்து வியர்க்க வேண்டும். இந்த ஊரில் மாடாய் உழைத்தால்தான் வியர்க்கும்.

எஸ்டேட் டீக்கடையில் இன்று நல்ல கூட்டம். பினாங்குக்காரம்மா ஒருத்தி கண்ணாடி ஜன்னல் பக்கம் நின்று பெருமூச்சு விட்டாள். "குடுத்து வச்சவங்க நீங்க. வருஷம் பூரா லீவுல இருக்கிற மாதிரி!" சிரித்து வைத்தேன். ஸ்கோன் ரொட்டி சூடு பண்ணிக் கொடுத்தேன்.

மே 19, திங்கள்

குளிர். தொண்டைக் கரகரப்பு.

கோயில் கமிட்டியின் வாட்ஸ்அப்பில் காலையிலேயே செய்தி. வழக்கமாக ஆடியில் வரும் மாரியம்மன் திருவிழா இந்த வருஷம் பள்ளி விடுமுறைக்கு முன்தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வர வசதியாம். மே 30 வெள்ளி சாயங்காலம் எல்லை கட்டி, காப்பு. அடுத்த வெள்ளி திருவிழா.

மூன்று தடவை படித்தேன். காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் எஸ்டேட்டுக்குள் இருக்கிற யாரும் திருவிழா முடிகிறவரை ஒரு ராத்திரிகூட எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. டவுனுக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும். இங்கே பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிக்கெட் போடும்போது ஆடியை மட்டும் கணக்குப் பண்ணிப் பள்ளி விடுமுறையில் போட்டோம். புத்திசாலிகள்!

பிலோவுக்குப் போன் செய்தேன். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனால் எஸ்டேட்டில் வளர்ந்தவள். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வாய்விட்டு நாளை எண்ணினாள். பிறகு, "கட்டும்போது வெளிய இருந்தா ஒனக்குக் கட்டு கெடையாதுல்ல? வெள்ளிக்கெழம மத்தியானமே பையோட எங்க வீட்டுக்கு வந்துரு."

அட! எனக்கு ஏன் தோன்றவில்லை? ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 22, வியாழன்

சாப்பிட்டது செரிக்கவில்லை.

வீட்டுக்காரர் லோரி ஓட்டிவிட்டு விடிந்துதான் வந்தார். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக் கோலாலம்பூர் மார்க்கெட்டில் இறக்குவது. சட்டையைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வருஷம் கரகம் நம்ம வீட்டுக்கு."

"யார் சொன்னா?"

"முத்தையா மாமா கேட்டாரு. சரின்னுட்டேன்."

முத்தையா மாமா கோயில் தலைவர். அவர் கேட்டால் என்ன, கடைத்தெருவில் வழிப்போக்கன் கேட்டாலும் இவர் சரி என்றுதான் சொல்வார். இல்லை என்ற சொல்லே இவர் வாயில் கிடையாது. எனக்கு மட்டும் அந்தச் சரி கடைசியில் வரும்.

கரகச் செம்பு ஒரு வாரம் எங்கள் சாமியறையில் இருக்கும். காலையும் மாலையும் அதற்கு விளக்கு ஏற்ற வேண்டும். ஏற்றுவது வீட்டுக்காரி. வேறு யாரும் இல்லை.

"நான் போறேன்னு தெரியும்ல ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அப்பறம்?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். காலடியில் நின்று பார்த்தேன். கோபத்தில் அழுகை வந்தது. அழுதேன். பிறகு வேலைக்குப் போனேன்.

மே 25, ஞாயிறு

மாமா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம்.

கேட்டேவிட்டேன். "மாமா, லோரிக்காரங்க மட்டும் காப்புக் கட்டிக்கிட்டு ராத்திரியில வெளிய போறாங்களே, அது எப்புடி?"

எப்படி என்று எனக்குத் தெரியும். எல்லை மரத்தடி மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டித் தலைவர் கையால் ஓட்டுநர்களுக்குக் கொடுப்பார். அதை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எங்கே படுத்தாலும் நம் மண்ணில் படுத்த மாதிரி. என் மாமனார் காலத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு.

"அது மாதிரி எனக்கும் ஒரு பிடி குடுத்துருங்க மாமா. பையில வச்சிக்கிறேன்."

சிரித்தார். மோசமான சிரிப்பில்லை. பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "அது பொழப்புக்குப் போறவங்களுக்கு, ஆயி. நீ போறது ஜாலான் ஜாலான், சும்மா ஊர் சுத்த. அதுக்குப் போயி அம்மாகிட்ட மண்ணு கேக்கலாமா?"

இவர் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். பழம்தான் உரித்தார்.

மே 28, புதன்

ஜன்னல் வழியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளைப் பனி. சுற்றுலாக்காரர்கள் பனியைப் போட்டோ எடுக்கிறார்கள்.

டீக்கடை சமையலறையில் செல்வியக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி பிரசவத்துக்காகக் காப்புக் கட்டின பிறகு ஈப்போவுக்குப் போய்த் தங்கிவிட்டார். அந்த வாரம் மழை கொட்டி, லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து, ஒரு மாட்டுக்கொட்டகை போனது. மழை பெய்தால் மண் சரியும், இது மலை. ஆனாலும் இன்றுவரை யாருக்காவது கால் சுளுக்கினால்கூட, "செல்வி பண்ணுன வேல" என்று கிண்டல் உண்டு. கிண்டல்தான். ஆனால் அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கும் அதுதான் பயம். விமானம் விழுமோ, மலை வெடிக்குமோ என்றெல்லாம் இல்லை. நான் இல்லாத வாரத்தில் இங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போதும். ஆயுசுக்கும் என் பேர் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், போனதற்கு வருத்தப்பட்டீர்களா என்று.

கத்தியை நிறுத்தாமல் சொன்னார்: "போனது தப்பில்லலா. திரும்பி வந்து வீடு வீடா மன்னிப்புக் கேட்டேன் பாரு, அதான் தப்பு."

வீட்டுக்கு வந்து பையை எடுத்தேன். இரண்டு பருத்திச் சட்டை. ரப்பர் செருப்பு. தொப்பி (கடையில் விற்பது, எஸ்டேட் பெயர் போட்டது, வேண்டாம்). மாத்திரை. பிலோ சொன்ன நீச்சல் உடுப்பு (சிரிப்பு வருகிறது). வெள்ளிக்கிழமைக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. மேனேஜர் கையெழுத்தும் ஆயிற்று.

மே 30, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. காலை முதலே எஸ்டேட் ரோடு முழுக்க வெளியூர்க் காடிகள், காரும் வேனுமாக. ஒற்றை ரோடு, ஏறுகிறதும் இறங்குகிறதும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கின்றன. டீக்கடையில் வரிசை படிக்கட்டு தாண்டிப் போய்விட்டது. மேனேஜர் கையைக் கூப்பாத குறை. "இன்னிக்கு மட்டும் மாலதி, கூட்டம் கொறயட்டும்." கூட்டம் எங்கே குறைந்தது? ஒருத்தர் எழுந்தால் நான்கு பேர் உட்காருகிறார்கள். மாலைவரை தேநீர் ஊற்றினேன். ஊரெல்லாம் லீவு கொண்டாட எனக்கு லீவு போனது.

டாக்சி மேலே வர முடியவில்லை, மெயின் ரோட்டில் நிற்பதாகச் சொன்னது. பையை இழுத்துக்கொண்டு நடந்தேன். நின்றுகொண்டிருந்த காடிகளுக்கும் தேயிலைச் செடிக்கும் நடுவில் ஒரு முழம்தான் வழி. பையின் ஒரு சக்கரம் கல்லில் மாட்டிக் கழன்றது. தலையில் தூக்கிக்கொண்டேன். காடிக்குள்ளிருந்து ஒரு பெண் என்னைப் போட்டோ எடுத்தாள்.

கடைசி வளைவில் மேளம் கேட்டது. ஓடினேன். இந்த வயதில், தலையில் பையோடு.

எல்லை மரத்துக்கும் லைட்டுக் கம்பத்துக்கும் நடுவே மஞ்சள் கயிறு ஏறிவிட்டிருந்தது. வேப்பிலைத் தோரணம். இந்தக் குளிரில் இங்கே வேம்பு வளராது; நேற்று இவர்தான் மலையடிவாரத் தாப்பாவிலிருந்து லோரியில் கொண்டுவந்தார். மாமா முடிச்சுப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். பக்கத்தில் மஞ்சள் வேட்டியும் கரகச் செம்புமாக இவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பையைப் பார்த்தார்கள். தோரணத்துக்கு அந்தப் பக்கம் டாக்சி தெரிந்தது, விளக்கெரிய நின்றது. நடுவில் சிலாங்கூர்க் காடி, ஜொகூர்க் காடி, சிங்கப்பூர்க் காடி, தோரணத்துக்கு அடியில் போனது, வந்தது. யாரும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை.

ஓட்டுநர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மாமா மண் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தார். கரகம் எடுத்ததால் இனி ஒரு வாரம் ஓட்டாவிட்டாலும் வழக்கப்படி இவர் பேரையும் கூப்பிட்டார். வாங்கி இடுப்பில் செருகினார். வரிசை முடிந்ததும் நான் போய்க் கையை நீட்டினேன்.

"எனக்கும் குடுங்க மாமா."

மேளம் நின்றது. யாரோ பின்னால் கெக்கெக்கென்று சிரித்தார்கள். மாமா முகம் சுருங்கிவிட்டது. "ஆயி, வீட்டுக்குப் போயி வெளக்கேத்து. செம்பு வருது."

நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியவில்லை. இவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

வந்து விளக்கேற்றினேன். திரி பற்றவே இல்லை. இத்தனை பேர் வந்து போகிற இடத்தில் என்னை மட்டும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். டாக்சிக்குப் போகச் சொல்லிப் போன். பிலோவுக்கு: "நீ போ." அவள் அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மே 31, சனி

வெயில்! இன்றைக்குப் பார்த்து. துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிட்டது.

காலை விளக்கு ஏற்றினேன். வேலைக்குப் போகவில்லை. பிலோவிடமிருந்து ஒரே ஒரு செய்தி: கோலாலம்பூர் பஸ் நாலு மணிக்கு, பக்கத்து சீட்டை யாருக்கும் விடவில்லை.

பை நேற்றுப் போட்ட இடத்திலேயே வாசல் மூலையில் கிடந்தது. பார்க்கப் பிடிக்காமல் பின்னால் போய்த் துணி எடுத்தேன். திரும்பி வந்தால் பை நிமிர்ந்து நிற்கிறது. கழன்ற சக்கரத்தைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார். பைக்கு மேலே நேற்று இவர் இடுப்பில் செருகிய மண் பொட்டலம். மஞ்சள் துணி, சிவப்பு நூல்.

அப்படியே நின்றேன். இவர் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம். இந்த வீட்டில் இவ்வளவு காலமும் உப்பு எங்கே என்று தெரியாதவர்.

"என்னா தேடுறீங்க?"

என்னைப் பார்க்காமல் கேட்டார்: "மாலு, வெளக்கெண்ண எங்க வச்சிருக்க? சாயங்காலத்துக்கு."

"மாமா கேட்டா?"

"கேக்கட்டும்."

மேல் தட்டு, மைலோ டின்னுக்குப் பின்னால். திரி தீப்பெட்டிக்குள். திரியை ரொம்பத் தூக்கினால் புகையும் என்று சொன்னேன். எண்ணெய் எவ்வளவு ஊற்றுவது என்று இரண்டு தடவை கேட்டார்.