முன்கூட்டிப் போட்ட இரண்டு ஓட்டு

செப்டம்பர் 3, 2002

கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாகாணத் தேர்தலில் பைன் ஸ்லூ என்று ஒரு தொகுதி இருக்காது. வடக்குப் பாதி ஒரு தொகுதிக்கு, தெற்குப் பாதி இன்னொன்றுக்கு. தொண்ணூற்று நாலு வருஷத் தொகுதியை ஒரு பேனாக் கோட்டில் முடித்துவிட்டார்கள்.

நவம்பர் 9 அன்று, பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் கூடத்தில் வழியனுப்பு விருந்து. தொகுதியின் வரலாற்றை எழுதி அங்கே வாசிக்கச் சொல்கிறது விருந்துக் குழு. பள்ளி நூலகத்தில் இருபது வருஷம் இருந்தவளாம், அதனால் நான் பொருத்தமாம். யோசிக்காமல் சரி என்றேன். அவர்களுக்குக் காரணம் தெரியாது. 1967-க்காகத்தான்.

செப்டம்பர் 8

எழுதத் தொடங்கினேன். 1912-இல் வாக்குப் பெட்டி ஏற்றி வந்த குதிரை வண்டி சதுப்பில் கவிழ்ந்தது. நனைந்த சீட்டுகளைத் துணிக்கொடியில் காயப்போட்டு எண்ணினார்கள். 1921-இல் ஜெயித்தவர் சட்டசபையில் மூன்று தடவைதான் வாயைத் திறந்தார், மூன்றும் கொட்டாவி. இதற்கெல்லாம் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

1929-இல்தான் அந்தப் பழக்கம் வந்தது. மாமன் மச்சான் இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள். தன் பேருக்குத் தானே குறி போடுவது, பந்தியில் பெரிய துண்டைத் தானே எடுத்துக்கொள்வது மாதிரி அசிங்கம் என்று ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து எல்லா வேட்பாளரும் அப்படித்தான். இருவரும் சேர்ந்து போவது, எதிராளிக்குக் குத்துவது, வெளியே வந்து ஒரே மேசையில் ருபார்ப் பை என்ற புளிப்புப் பலகாரத்தைத் தின்பது. சட்டம் இல்லை. ஆனால் மீறினவன் இந்த ஊரில் தலை நிமிர முடியாது.

1967-இல் என் அப்பா ஸ்டெஃபான் ப்ரிட்டுலா மீறவில்லை. எதிர்த்து நின்ற ஹால்வர் ஸ்ட்ரௌம் மீறினான்.

செப்டம்பர் 9

அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. நீதிபதி மறுபடி எண்ணி முடித்த நாள். அப்பா தொப்பியைக் கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றார். "ஒரே ஓட்டுல தோத்தேன், ஜெனி. நான் அவனுக்குக் குத்தினேன். அவன் அவனுக்கே குத்திக்கிட்டான்."

கணக்கு எளிது. ஸ்ட்ரௌம் பழக்கத்தை மீறாமல் அப்பாவுக்குக் குத்தியிருந்தால் அப்பா ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார். அதற்குப் பிறகு அப்பா எதற்குமே நிற்கவில்லை. பள்ளிக் குழுவுக்குக்கூட. ஸ்ட்ரௌமைக் கண்டால் சாலையின் அடுத்த பக்கம் போவார். 1990-இல் சாகும் வரைக்கும்.

இதைச் சொல்லித்தான் ஊரில் பாதிப் பேர் ஸ்ட்ரௌமைத் 'திருட்டு ஹால்வர்' என்கிறார்கள். ஆனால் ஆதாரம் இல்லை. நான் கொண்டு வருவேன்.

செப்டம்பர் 20

வழி கிடைத்தது! அந்த வருஷம் அறுவடை பிந்தியது. முன்கூட்டி ஓட்டுப் போட வந்தவர்கள் இரண்டே பேர், அப்பாவும் ஸ்ட்ரௌமும். தேர்தல் நாளில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை இருந்ததால் இருவரும் முன்பே போட்டார்கள். பத்திரிகையில் அதை ஊர்ச் சாவடியோடு சேர்த்து அச்சிட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குத் தனி எண்ணிக்கைத் தாள் இருந்திருக்க வேண்டும். மாகாண ஆவணக் காப்பகத்துக்கு எழுதிவிட்டேன்.

ஸ்ட்ரௌமுக்கு இரண்டு, அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அதைத்தான் அந்தத் தாள் சொல்லும். அதைப் பெரிதாக்கி, சுவர் அளவுக்கு, கூடத்தில் மாட்டப் போகிறேன்.

அக்டோபர் 4

குழுக் கூட்டம். ஸ்ட்ரௌமின் மகள் இங்க்ரிட் கேக் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்கப்பாவைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க, ஜெனி?"

"கடைசியா வெச்சிருக்கேன். நல்லா ருசியா இருக்கும்."

அவள் சிரித்தாள். அசடு. அன்று முழுக்க எனக்கு உற்சாகம்.

அக்டோபர் 17

தாள் வந்தது.

ப்ரிட்டுலா 2. ஸ்ட்ரௌம் 0.

அக்டோபர் 18

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தலைகீழாய் எழுதிவிட்டார்களா? இல்லை. கீழே கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது. இரண்டு பேர், இரண்டு ஓட்டு, இரண்டும் அப்பாவுக்கு. அப்பா தனக்கே குத்திக்கொண்டார். ஸ்ட்ரௌம் அப்பாவுக்குக் குத்தினான்.

குத்தினார்.

முப்பத்தைந்து வருஷம்! இந்த மனுஷனுக்காகவா நான் ஸ்ட்ரௌம் வீட்டுப் பிள்ளைகளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்? நல்ல முட்டாள்டி நீ.

அக்டோபர் 21

போனேன். ஸ்ட்ரௌம் வீட்டில் இங்க்ரிட் காபி வைத்துவிட்டு வெளியே போனாள். ஸ்ட்ரௌமுக்கு எழுபத்தாறு. தாளை மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் தேடக்கூட இல்லை.

"ரெண்டுக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் ஒரு தாள் குடுத்தாங்க. உங்கப்பனுக்கும்தான்."

"ஏன் சொல்லலை? உங்களைத் திருடன்னு சொன்னாங்களே!"

"பதவி எங்கிட்ட இருந்துச்சு. பேச்சு அவங்ககிட்ட இருக்கட்டும்னு விட்டேன்."

பெரிய மனசு என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் சிரித்தார், மெதுவாக, ருசித்து.

"அழாத, ஸ்டெஃபான் மகளே. மன்னிச்சேன்னு நெனச்சியா? அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு. எங்கே பார்த்தாலும் தலையைக் குனிஞ்சுக்குவான். எதிர்ல வந்தா ரோட்டைத் தாண்டிடுவான். இருபத்திமூணு வருஷம். சொல்லியிருந்தா ஒரு வாரத்துல எல்லாரும் மறந்திருப்பாங்க. நான் ஏன் சொல்லணும்? தெனமும் காலையில காபி மாதிரி இருந்துச்சு."

"செத்தப்புறமும் சொல்லலையே."

"அப்புறம் நீ இருந்தியே. உன்னைப் பார்த்தா எனக்கு அவனையே பார்க்கிற மாதிரி. நீ மூக்கைத் தூக்கிக்கிட்டுப் போவே. நான் உள்ள சிரிச்சுக்குவேன். இப்பவும் நீ இதை விருந்துல படிக்க மாட்டே. பெத்தவன் பேரை நீயே கெடுப்பியா?"

வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதையையும் சிரித்துக்கொண்டேதான் செய்தார்.

அக்டோபர் 22

அப்பா மேல் கோபமா, ஸ்ட்ரௌம் மேலா? இருவர் மேலும். இரண்டு கிழவர்களும் என்னை நடுவில் வைத்து விளையாடியிருக்கிறார்கள்.

அக்டோபர் 30

1967-ஐ விட்டுவிடலாம். 'கடும் போட்டி, ஒரு ஓட்டு' என்று ஒரே வரி. யாருக்கும் தெரியாது. அப்பா பேர் பிழைக்கும்.

ஸ்ட்ரௌமுக்குத் தெரியும். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து அந்த ஒரு வரிக்கும் சிரிப்பார்.

நவம்பர் 5

தாளைப் பெரிதாக்கக் கொடுத்துவிட்டேன். அச்சகப் பையன், "சுவர் அளவுக்கா?" என்றான். "ஆமாம், கடைசி வரிசைக்கும் தெரியணும்."

நவம்பர் 10

நேற்று முந்நூறு பேர். குதிரை வண்டிக்குச் சிரித்தார்கள், கொட்டாவிக்கும் சிரித்தார்கள். பிறகு துணியை விலக்கினேன். "1967-இல் இந்தத் தொகுதியின் பழக்கத்தை மீறினவர் ஹால்வர் ஸ்ட்ரௌம் அல்ல. என் அப்பா ஸ்டெஃபான் ப்ரிட்டுலா. தோற்றதும் போதாமல் பொய்யும் சொன்னார். அந்தப் பொய்யை நானும் ஊர் முழுக்கச் சொன்னேன்."

பின்னால் யாரோ "அட கடவுளே" என்றார்கள். என் தம்பி எழுந்து வெளியே போனான். இனி என்னோடு பேசுவானா, தெரியவில்லை. ஆனால் முன்வரிசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எல்லோரும் ஸ்ட்ரௌமைச் சூழ்ந்துகொண்டார்கள். தோளைத் தட்டினார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். இங்க்ரிட் அழுதாள். அவர் கூட்டத்துக்கு மேலாக என்னையே பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "கெடுத்திட்டியே, ஜெனி. வெச்சிருந்தது அது ஒண்ணுதான்."

"தெரியும்," என்றேன்.

மேசையில் ருபார்ப் பை மீதி இருந்தது. இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தொடவில்லை. நான் என்னுடையதை முழுதும் தின்றேன்.