குழியில் இறங்காத மகன்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. பதினோராம் மாடியில் முட்டிவலியோடு உட்கார்ந்து, கீழே ஜெலுத்தோங் பாசாருக்குச் சாமான் வாங்க வருகிறவர் போகிறவர் தலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மகன் கமாலுதீன் பூட்ஸ் மாட்டி, முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு படி ஏறி இறங்குகிறான். வயது நாற்பத்தெட்டு. பாயான் பாருவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வாரக் கடைசியில் மட்டும் வத்தானியா என்கிற ரிசர்வ் பட்டாளத்தில் கோப்ரல். போவான், பயிற்சி என்பான், சாயங்காலம் மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். இப்போது நிஜமாகவே அழைப்பு வந்துவிட்டது. கடல் தாண்டிக் கிழக்கே சபாவில் கடலோரக் காவல், ஆறு மாதம். அந்தப் பக்கம் படகில் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்களாம், டிவியில் பார்த்திருக்கிறேன்.

மூச்சு வாங்க வந்து நின்றான். "ஒம்பதாவது மாடிப் பூனைகூட என்னைப் பார்த்துச் சிரிக்குதும்மா," என்றான். நான் சிரிக்கவில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

திரும்பி வருவது நிச்சயமில்லாத பயணம் என்றால், போகுமுன் எல்லாரிடமும், செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மாப்புக் கேட்பது நம்ம வழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். இவனும் தொடங்கிவிட்டான். பள்ளிவாசல் லெப்பையிடம், மீன்காரரிடம், கார் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை போட்ட சீனரிடம்கூட. இன்று என் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"மா, அத்தா மௌத்துக்கு நான் வராததையும் சேர்த்து எல்லாத்தையும் பொறுத்துக்கங்க. நீங்க பொறுக்காம நான் கிளம்பமாட்டேன்."

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

மறப்பேனா? என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போன அன்று இவன் காட்டுக்குள் முகாமில். போன் எடுக்கவில்லை. மையித்தை நேரம் கடத்தி வைத்திருக்கக் கூடாது என்று அஸர் தொழுகைக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். பெத்த மகன் இருக்க, நாத்தனார் மகன் பஷீர் குழியில் இறங்கி அவரை வாங்கி வைத்தான். அடுத்து வந்த கல்யாணத்தில் அந்த நாத்தனார் என் எதிரே உட்கார்ந்து, "எம் மகன்தான் இறங்கினான்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னாள். பாசிப்பச்சைச் சேலை. வாயில் பிரியாணி.

அன்றைக்கும் இந்தப் பட்டாளம்தானே அவனைக் கூட்டிப்போச்சு?

8 ஆகஸ்ட், வெள்ளி

மறுபடியும் கேட்டான். சொல்லவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மருமகள் மர்ஜானா அரிசி களைந்துகொண்டே, "ஒரு சொல்லுதானே மாமி, சொல்லிருங்களேன்," என்றாள். அவளுக்கென்ன. அவன் போய்விட்டால் என்னைக் கைத்தாங்கலாகப் படியில் இறக்குவது யார், இவளா? கல்யாணம் ஆன வருஷமே நான் காய்ச்சிய மீன் ஆணத்தில் உப்புக் கூட என்று சொன்னவள்.

என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். ஏன் கொடுக்கணும்?

13 ஆகஸ்ட், புதன்

ஜெயித்துவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வர முடியாது என்று முகாமுக்குப் போன் பண்ணிவிட்டானாம். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

மர்ஜானா என் தட்டைச் சத்தமாக வைத்துவிட்டுப் போனாள்.

14 ஆகஸ்ட், வியாழன்

பூட்ஸைத் துடைத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டான். தேத்தண்ணி கொண்டுவந்தான். கால் பிடித்துவிட்டான். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. என்னடா என்றேன். ஒன்றுமில்லை என்றான். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"இருபது வருஷமா ட்ரெயினிங் மட்டும்தான்மா. அத்தாவ அடக்குன அன்னைக்கும் சும்மா ட்ரெயினிங்தான். இதுக்கா அவரை விட்டேன்னு தினம் கேட்டுக்கிட்டிருக்கேன்."

என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. நான் ஒருத்திதான் அதைச் சுமக்கிறேன் என்று இருந்தேன்.

போனால் நான் இந்த மாடியில் அடைபட்டுக் கிடப்பேன். இருந்தால் அவன் கிடப்பான். பொறுத்தேன் என்று சொன்னால் பொய், அல்லாவுக்குத் தெரியாதா? சொல்லாமல் அனுப்பி அங்கே ஏதாவது ஆகிப்போனால்— நான் என்னதான் செய்யட்டும்? எந்தச் செவுத்துல போய் முட்டிக்கட்டும்?

15 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினவனைக் கூப்பிட்டேன். மர்ஜானாவையும் நிற்கச் சொன்னேன், சாட்சிக்கு.

"சின்ன வயசுல செஞ்சது, உன் கல்யாணத்துக்கு என்னைக் கேக்காம மண்டபம் பேசுனது, எல்லாம் பொறுத்தேன். குழியில இறங்காதது மட்டும் பொறுக்கல. அதைத் திரும்பி வந்து கேளு."

"வந்து கேட்டா பொறுப்பீங்களா?"

"வா, பாக்கலாம்."

மர்ஜானா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, நான் கேட்கவில்லை. அவன் நாற்காலியைப் போட்டு ஏறிப் பூட்ஸை எடுத்தான்.

18 ஆகஸ்ட், திங்கள்

போய்விட்டான். படியில் பூட்ஸ் சத்தம் கீழே போகப் போகக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

12 செப்டம்பர், வெள்ளி

வீடியோ காலில் அவன் வந்ததும் பேத்தி ஷாஹிரா போனைப் பிடித்துக் காட்டினாள். கறுத்துப்போயிருக்கிறான். பின்னால் கடல். காலில் கொப்புளமாம், சாப்பாடு பரவாயில்லையாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மெதுவாக, "மா, அந்தப் பாக்கி?" என்றான்.

வாய் நிறைய வெற்றிலை இருப்பதுபோல் கன்னத்தை உப்பிக்கொண்டு, பேச முடியாது என்று கையை ஆட்டிவிட்டேன்.

வெற்றிலை போடுவதை நான் விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அது அவனுக்கும் தெரியும்.