மேல்குன்றைப் பற்றி எழுத வந்தவர்

அன்பு மகள் சுனுமாவுக்கு,

போஜ்பூர் மலையிலிருந்து அப்பா எழுதுவது. என் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையொன்றும் இல்லை. நீயும் சைப்ரஸில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். கேழ்வரகு அறுத்தாகிவிட்டது, எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அம்மா அதற்கு உன் பெயரை வைத்துவிட்டாள், கோபித்துக்கொள்ளாதே.

அறுப்பு முடிந்த வாரம் நரநாத் என்று ஒருவர் வந்தார். நம் மாவட்டத்தின் நிலம், சரித்திரம், மக்கள் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். அம்மா கேழ்வரகுக் கள் கொடுத்து உட்கார வைத்தாள். நம் ராய் முன்னோர் அருண் ஆற்றோரமாக மலையேறி வந்த கதையை நான் சொன்னேன், அவர் பேனாவைத் திறக்கவே இல்லை. நம் மேல்குன்றில் பாறை எத்தனை ஆழம், லாரி ஏற எங்கே பாதை வெட்டலாம் என்று கேட்டபோதுதான் எழுதினார். சரித்திரத்துக்கு லாரி எதற்கு? எனக்குச் சுருக்கென்றது. ஊரே குடிக்கிற ஊற்று அந்தக் குன்றில் எங்கே பிறக்கிறது என்றதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் புத்தகத்தில் பெயர் போடுவதாகச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். பக்கத்து வீட்டு ஜஸ்மாயா சித்தி கைநாட்டு வைத்த நேரம் நான் போய்விட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடித்தாளைப் புரட்டினால், குன்றை உடைக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருக்கிறது. உரக்கப் படித்தேன். சித்தி அந்தத் தாள்களைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டு, “என் பேரு வர்ற புத்தகம்னு சொன்னியே தம்பி, மலையைக் காணாமப் பண்ற புத்தகம்னு சொல்லலியே” என்றாள்.

அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயம். செருப்பை மாட்டிக்கொண்டே, “பெரியவரே, மேல்குன்று உங்க பொண்ணு பேர்லதானே இருக்கு? அவங்ககிட்ட பேசியாச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மா அது பொய் என்கிறாள். நானும் அவளிடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் போன மாதம் நீ போனில், நிலப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் அப்பா என்று கேட்டாயே, எதற்காகக் கேட்டாய்? பெற்ற மகளிடம் இப்படிக் கேட்க எனக்குக் கை கூசுகிறது. போனில் கேட்டால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். அந்தக் குன்று போனால் ஊற்றும் போகும், ஊரும் இறங்கிப் போக வேண்டியதுதான். தப்பாக ஏதாவது சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, மறைக்காமல் எழுது.

குலதெய்வம் உன்னைக் காக்கட்டும். காதை மூடாமல் குளிரில் வெளியே போகாதே. பத்திரத்தை வேறு இடத்தில் வைத்துவிட்டேன். எங்கே என்று உன்னிடமும் இப்போது சொல்வதாக இல்லை.

உன் அப்பா,
பிர்க்கமான் ராய்